நிழலால் மட்டும் ஆன பொத்தான், 2019–2020

இந்தத் திரைப் பொத்தானுக்குத் தனி நிறமில்லை, பின்னணியின் நிறமேதான். மேல் இடப்புறம் வெளிர் நிழல், கீழ் வலப்புறம் கரு நிழல். அதனாலேயே பிசைந்த மாவில் எழுந்த மேடுபோலப் புடைத்துத் தெரிகிறது. 2019 இறுதியில், வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் பிளியூட்டோ, வடிவமைப்புகளைப் பகிரும் டிரிபிள் (Dribbble) தளத்தில் இட்ட வங்கிச் செயலி மாதிரியோடு பரவிய பாணி இது: நியூமோர்பிசம். பார்க்க உண்மையிலேயே அழகு.

ஆனால் பொத்தானை அடையாளம் காட்டும் விளிம்பு பக்கத்து நிறத்திலிருந்து குறைந்தது 3:1 அளவு வேறுபட வேண்டும் என்று 2018இன் இணைய அணுகல் நெறி கேட்கிறது. இந்த மெல்லிய நிழல்கள் அதைப் பெரும்பாலும் எட்டவில்லை. இலங்கையின் நுகேகொடையில், ஹைலெவல் வீதியோரம் நண்பகல் வெயிலில் 138ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பவரின் கைபேசியில் அவை கரைந்தே போகும். பார்வை மங்கியவருக்கோ வீட்டுக்குள்ளும் தெரியாது. பணம் அனுப்பும் திரையில் இது சிறு குறையல்ல. ஆகவே இப்பாணி பெரும்பாலும் மாதிரிப் படங்களிலேயே தங்கிவிட்டது.