ஏலக் கூடமும் களத்து மண்ணும்

தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி அகில இந்தியக் களத்தில் இறங்கும் கபடிக் கட்சி ஒன்று உண்டு. 2017-ஆம் வருஷத்தில் புரோ கபடிப் பந்தயத்தில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் கட்சியே அது. கள்ளக்குறிச்சி ஜில்லாவில் சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் முதலிய ஊர்களிலும், கோமுகி அணைக்கு மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் வரையிலும், அக்கட்சி ஆடும் மாலைகளில் வாலிபர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே கூடிவிடுகிறார்கள். பொங்கலிலும் கோயில் திருவிழாவிலும் இரவு முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் சடுகுடு ஆடும் ஊர்கள் இவை. ஆட்டத்தின் நுட்பம் இந்த ஜனங்களுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகையால், அக்கட்சி ஏலத்தில் எடுக்கும் ஆட்டக்காரர்களைப் பற்றி இவர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் அலட்சியம் செய்யத் தக்கதன்று. நாமும் இவர்களோடு சேர்ந்து கைதட்டியவர்களே. இவர்களோடு சேர்ந்து தலை குனிந்தவர்களே. அந்த உரிமையைக் கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

ஏலத்தின் முறையை முதலில் சொல்லிவிடுவோம். 2025-ஆம் வருஷம் மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு தினங்களில் மும்பையில் நடந்த ஏலத்தில், பன்னிரண்டு கட்சிகளும் ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடக்கூடிய தொகை தலைக்கு ரூ.5 கோடியென்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டு, 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், 9 லட்சம் என்ற ஆரம்ப விலைகளில் நிறுத்தப்பட்டனர். இதற்குப் புறம்பாக, ஏலக் கூடத்துக்கு வராத புதிய இளைஞர்களைக் கட்சிகள் தாமே தேடிச் சேர்த்துக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. ஆக, ஒரு கட்சிக்கு வாசல்கள் இரண்டு. ஒன்று விலை கொடுத்து வாங்கும் வாசல். மற்றொன்று தேடி வளர்க்கும் வாசல். நமது கட்சி எந்த வாசலில் அதிக நேரம் நின்றதென்பதே கேள்வி.

சரித்திரத்தைப் பார்ப்போம். முதல் வருஷத்தில் ஹிமாசலப் பிரதேசத்து ஸ்ரீ அஜய் தாக்குர் தலைமை தாங்கினார். அவருடைய வீரத்தில் குறை காண ஒருவராலும் முடியாது. ஆயினும் கட்சி தன் பிரிவில் கடைசி இடத்தையே அடைந்தது. 2019-இல் ஸ்ரீ ராகுல் சௌதரியை 94 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். ஸ்ரீ அஜய் தாக்குர், ஸ்ரீ மஞ்சித் சில்லார் ஆகிய புகழ் பெற்றவர்களும் அவருடன் இருந்தார்கள். இத்தனை நட்சத்திரங்களும் சேர்ந்து கட்சிக்குப் பெற்றுத் தந்தது பன்னிரண்டாவது இடம். கட்சிகளும் பன்னிரண்டுதான்!

2022-இல் ஸ்ரீ பவன் சேராவத்தை 2 கோடியே 26½ லட்சத்துக்கு எடுத்தார்கள். அதற்குமுன் அந்தப் பந்தயத்தில் எவருக்கும் அவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை. அக்டோபர் மாதத்தில் குஜராத் கட்சியோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் களத்துக்கு வர இயலாமற் போயிற்று. இனி அவ்வளவுதான் என்று அபிமானிகள் மனமொடிந்தார்கள். ஆனால் நடந்தது என்ன? ஸ்ரீ நரேந்தர், ஸ்ரீ சாகர், ஸ்ரீ சாஹில், நம் தமிழ்நாட்டு ஸ்ரீ எம். அபிஷேக் முதலிய இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். ஏலக் கூடத்தில் ஒருவரும் ஆரவாரம் செய்யாத ஸ்ரீ நரேந்தர் முதல் பருவத்திலேயே பாடிச் சென்று 243 புள்ளிகள் சேர்த்தார். கட்சி முதன்முறையாக அரையிறுதி வரை சென்று, புனேக் கட்சியிடம் 37-க்கு 39 என்ற கணக்கில், இரண்டே புள்ளிகளில் தோற்றது. இந்தத் தோல்வியைப் போன்ற பெருமையை அதுவரை எந்த வெற்றியும் நமக்குத் தந்ததில்லை.

இதிலிருந்து நிர்வாகிகள் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்றார்களா? 2024-இல் ஸ்ரீ சச்சினை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தார்கள். அந்த ஏலத்தில் அதுவே மிக உயர்ந்த விலை. கட்சி ஒன்பதாவது இடத்தில் நின்றது. 2025-இல் ஸ்ரீ அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40½ லட்சத்துக்கும், ஸ்ரீ பவன் சேராவத்தை மறுபடியும் 59½ லட்சத்துக்கும் எடுத்தார்கள். பருவத்தின் நடுவிலேயே ஸ்ரீ பவனும் கட்சியும் பிரிய நேர்ந்தது. நியாயம் எப்பக்கம் என்பது நமது விசாரணைக்கு உரியதன்று. கட்சி முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். கூரை ஒழுகும் வீட்டுக்குப் பொற்கலசம் வாங்கி வைப்பதுபோல் இருக்கிறது இந்தக் காரியம்.

வெளி மாகாணத்தவரை வாங்குவதே பிழையென்று நாம் சொல்லவில்லை. இந்தியத் தாயின் மக்களில் ஹரியானா வாலிபனும் கல்வராயன் மலை வாலிபனும் சகோதரர்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த ஸ்ரீ தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னாக் கட்சிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றபோது, பிஹாரிகள் அவரை அந்நியர் என்று சொன்னார்களா? 2014-இல் முதற்கோப்பையை வென்ற ஜெய்ப்பூர்க் கட்சிக்குப் பயிற்சி அளித்தவர் தமிழரான ஸ்ரீ காசிநாதன் பாஸ்கரன் அல்லவா? 2022-இல் ஸ்ரீ பவன் காயமுற்ற அந்த ஆட்டத்தில், எதிரே நின்ற குஜராத் கட்சியின் தலைவரே ஸ்ரீ சந்திரன் ரஞ்சித் என்ற தமிழர்தாம். முதல் வருஷத்தில் நம் கட்சிக்காகப் பாடிய ஸ்ரீ கே. பிரபஞ்சன், மறு வருஷம் குஜராத்துக்குப் போய், சில வருஷங்கள் கழித்து மறுபடியும் ஏலத்தின் மூலமாகவே நம்மிடம் திரும்பி வந்தார். கையிலிருந்த நெல்லை விற்றுவிட்டுச் சந்தையில் அரிசி வாங்கும் குடித்தனம் இது. நாம் கேட்பது மாகாணப் பிரிவினை அன்று. சொந்த நிலத்தில் ஓர் ஏர் உழுதல்.

உண்மையை மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022-இல் நம்மைக் காப்பாற்றிய இளைஞர்களிலும் பெரும்பாலோர் வடநாட்டவரே. இதற்கு நிர்வாகிகளை மட்டும் நோவதில் பயனில்லை. வடநாட்டு வாலிபன் ஏலக் கூடத்துக்கு வரும்போதே மெத்தைப் பாயில் ஆடிப் பழகி வருகிறான். நமது வாலிபன் மண்ணில் ஆடுகிறான். பந்தயமோ பாயின்மேல் நடக்கிறது. மண்ணில் வெறுங்காலுடன் திரும்பும் உடல், காலணி அணிந்து பாயில் திரும்பும்போது வேறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் ஒரு வாரத் தேர்வு முகாமில் வருவதன்று. வாலிபனிடம் குறைவாயிருப்பது திறமையன்று. பாயும் பயிற்சியாளரும் வயிறார உணவுமே.

புனேக் கட்சியைப் பாருங்கள். அகமத்நகர் ஜில்லாவிலே ஒரு கிராமத்தில் பிறந்த ஸ்ரீ அஸ்லம் இனாம்தார் என்ற வாலிபரைப் புதிய இளைஞராகச் சேர்த்து, வளர்த்து, அவர் தலைமையிலேயே 2024 மார்ச் 1-ஆம் தேதி கோப்பையை வென்றார்கள். தங்களுக்கென்று ஓர் இளைஞர் பயிற்சிப் படையையே அவர்கள் வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக் கிராமத்தால் முடிந்தது தமிழ்நாட்டுக் கிராமத்தால் முடியாதா? 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்தியக் கட்சியில் ஆடிய ஸ்ரீ மணத்தி கணேசன் எந்த நகரத்திலே பிறந்தார்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த ஒரு சிறுமியும் வடுவூரைச் சேர்ந்த ஒரு வாலிபரும் இந்தியாவுக்காக ஆடித் தங்கம் கொண்டுவந்தார்கள். விதை இருக்கிறது, பாத்தி கட்டுவார்தாம் இல்லை.

கல்வராயன் மலையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆதீனத்தில் இருந்த மலை அது. தேசம் சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷங்கள் ஆனபின்பே அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர் ஆட்சியினின்றும் விடுபட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். காலையும் மாலையும் மேடேறி மேடிறங்கும் அந்தப் பிள்ளைகளின் காலுக்கும் மூச்சுக்கும் விலை சொல்ல எந்த ஏலக்காரனால் ஆகும்? ஆயினும் கட்சியின் ஆட்களை அந்த மலையடிவாரத்து ஊர்த் திடல்களில் நாம் கண்டதில்லை.

இது வெறும் விளையாட்டுச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் 2024 ஜூன் மாதத்தை மறந்துவிட்டவர்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி அமலாக்கியது, இதே மலைத் தொடரின் மற்றொரு சாரலைக் கொண்ட சேலம் ஜில்லாவில்தான் என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது. சட்டமும் போலீஸும் தம் வேலையைச் செய்யட்டும். ஆனால் மாலையில் வேலை முடிந்த வாலிபன் எங்கே போவது என்ற கேள்விக்குச் சட்டம் விடை தராது. விளக்குப் போட்ட ஒரு திடலும், விரித்த ஒரு பாயும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பயிற்சியாளரும் தருவார்கள்.

ஏலத்துக்கென ஒதுக்கிய ஐந்து கோடி ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்கே உரியது, அதைப் பாய் வாங்கச் செலவிட இயலாது என்று நிர்வாகிகள் கூறக்கூடும். ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் நாம் கேட்பது வேறு.

முதலாவது, கட்சியின் தேர்வாளர்கள் ஏலத்துக்கு முன் வருஷந்தோறும் ஜில்லா ஜில்லாவாகச் சென்று, சென்னையிலேயே காத்திராமல், ஊர்ப் பந்தயங்களின் இரவில் நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது, புதிய இளைஞர்களைச் சேர்க்கும் வாசலில் இடம் பெறுகிறவர்களில் பாதிப்பேராவது தமிழ்நாட்டுக் களங்களில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். சேர்த்தவர்களை வெளியே உட்கார வைத்து ஒரே வருஷத்தில் அனுப்பிவிடாமல் மூன்று வருஷமாவது வளர்க்க வேண்டும். மூன்றாவது சர்க்காருக்கு உரியது. 2024-இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள், நல்ல காரியம். அதன் அடுத்த படியாகத் தாலூகாவுக்கு ஒரு கபடிப் பாயும், மலைப் பள்ளிகளுக்குச் சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளரும் வேண்டும்.

கதரைப் பற்றி நம் பெரியோர் சொன்னது துணியை மட்டும் பற்றியதன்று. தன் கையால் நூற்கத் தெரியாத தேசம் எவ்வளவு உயர்ந்த துணியை விலைக்கு வாங்கினாலும் நிர்வாணமாகவே நிற்கும் என்பதே அதன் உட்பொருள். எட்டு வருஷ காலம் ஏலக் கூடத்தில் கோடி கோடியாகக் கொட்டி நாம் வாங்கிய துணி, ஒரு பருவத்துக்குமேல் நிலைக்கவில்லை. இனியாவது இராட்டினத்தைச் சுற்றத் தொடங்குவோம். தமிழ் தலைவாஸ் என்ற பெயரில் முதற்சொல்லுக்கும் ஓர் அர்த்தம் உண்டென்பதை நிர்வாகிகள் உணர்வார்களாக. அதுவரையில், தோற்றாலும் வென்றாலும் நாம் அக்கட்சியின் அபிமானிகளே. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கும் அபிமானிகளல்ல.