பளுதூக்கியைக் காத்த ஊர்கள். நாம் எதைக் காக்கப் போகிறோம்?

ரந்தாவில் கடல் இல்லை, கப்பல் கட்டும் துறையும் இல்லை. ஆனாலும் நெகிரி செம்பிலானின் இந்தச் சிற்றூரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் எடுத்த ரப்பர் பால், ஷீட்டாகி, கட்டாகி, கடைசியில் கப்பலேறித்தான் போனது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்லப் போட்ட பாதை அது. பிறகு ரப்பருக்கும் பயன்பட்டது. 1901-இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். 1920-களில் உலகத்து ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் விளைந்தது.

அப்படியென்றால் நம் தாத்தா பாட்டிகளின் உழைப்புக்கு இரண்டு முனைகள் இருந்தன. ஒரு முனையில் பால்மரம், மறுமுனையில் துறைமுகம். துறைமுகங்களிலும் கப்பல் கட்டும் துறைகளிலும் நின்ற பளுதூக்கிகளை, அதாவது கிரேன்களை, உலகின் சில ஊர்கள் கோயில் கோபுரம்போல் பாதுகாக்கின்றன. அந்த ஊர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம் முனையில் நின்றவற்றை நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

மஞ்சள் நிற இரட்டையர்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் எங்கிருந்து பார்த்தாலும் இரண்டு மஞ்சள் பளுதூக்கிகள் கண்ணில் படும். பெயர்கள் சாம்சன், கோலியாத். இரண்டும் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் துறைக்காக ஜெர்மனியின் குருப் நிறுவனம் செய்தவை. 96 மீட்டர் உயர கோலியாத் 1969-இலும், 106 மீட்டர் உயர சாம்சன் 1974-இலும் முடிந்தன. ஒவ்வொன்றும் 840 டன் தூக்கும்.

இவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு? முன்பு கப்பலை ஒவ்வோர் இரும்புத் தகடாகப் பொருத்திக் கட்டினார்கள். பிறகு கப்பலின் பெரிய பாகங்களைப் பட்டறையிலேயே முழுதாகச் செய்து, தூக்கி வந்து ஒட்டவைக்கும் முறை வந்தது. எண்ணெய்க் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, பாகங்களும் பெரிதாயின. அவற்றைத் தூக்கவே இந்த இரட்டையர் பிறந்தார்கள்.

டைட்டானிக் கப்பல் இவற்றின் கீழேதான் கட்டப்பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. டைட்டானிக் கட்டப்பட்டது இதே துறையில்தான். ஆனால் அது 1912-இலேயே மூழ்கிவிட்டது. கோலியாத் வந்தது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து.

அந்தத் துறை தன் கடைசிக் கப்பலைக் கட்டி முடித்தது 2003-இல். அதே ஆண்டில்தான் இரண்டு பளுதூக்கிகளும் வரலாற்றுச் சின்னங்களாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. 2019-இல் நிறுவனம் நொடித்தபோது தொழிலாளர்கள் துறையைவிட்டு வெளியேற மறுத்து, வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து போராடினார்கள். புதிய முதலாளி வந்த பிறகே போராட்டம் முடிந்தது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1920-இல் அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்கள் மதத்தின் பெயரால் அடித்து விரட்டப்பட்டார்கள். ஒரு நகரத்தின் பெருமைச் சின்னம் அந்நகரத்தார் எல்லாருக்கும் ஒரே நினைவைத் தருவதில்லை.

ஒரு டாலருக்கு விலைபோன பெருமை

சுவீடனின் மால்மோ நகரில் கோக்கும்ஸ் துறையின் பளுதூக்கி 1970-களில் எழுந்தது. உயரம் 138 மீட்டர். கப்பல் கட்டும் தொழில் கிழக்காசியாவுக்கு நகர்ந்தபோது அதற்கு வேலை இல்லாமல் போனது. கடைசியில் தென்கொரியாவின் ஹியூண்டாய் நிறுவனம் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. 2002-இல் அதைப் பிரித்துக் கப்பலில் ஏற்றியபோது ஊர்மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள். கொரியாவின் உல்சானில் இன்று அது நிற்கிறது. அங்கே அதற்கு வழங்கும் பெயர் ‘மால்மோவின் கண்ணீர்’.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரின் கதை வேறு. அங்கு டைட்டன் பளுதூக்கியை நிறுவியது 1907-இல். குவீன் மேரி போன்ற புகழ்பெற்ற கப்பல்கள் அந்தத் துறையில் உருவானவை. 1941-இல் அந்த ஊர்மேல் ஜெர்மானியக் குண்டுகள் பொழிந்தபோதும் டைட்டன் தப்பியது. துறை மூடப்பட்ட பிறகும் அதை இடிக்காமல் பழுதுபார்த்து, 2007-இல் பொதுமக்கள் ஏறிப் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

பளுதூக்கி ஓட்டிய ஒரு பெண்

போலந்தின் குதான்ஸ்க் துறையில் அன்னா வாலன்டினோவிச் என்ற பெண் பளுதூக்கி ஓட்டினார். தொழிலாளர் உரிமைக்காகப் பேசியதால், ஓய்வூதியத்துக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 1980 ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 14-ஆம் தேதி சக தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்ததுதான் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கம். கோடி உறுப்பினர்களைச் சேர்த்த அந்த இயக்கம் ஒன்பது ஆண்டுகளில் நாட்டின் ஆட்சியையே மாற்றியது. குதான்ஸ்கின் பளுதூக்கிகளைப் பார்க்கும் போலந்துக்காரருக்கு அந்தப் பெண்ணின் நினைவு வராமல் இருக்காது.

நமக்குப் பக்கத்தில்

பக்கத்து சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளம் 1938-இல் திறக்கப்பட்டது. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த ஏராளமானோர் அங்கே வேலை செய்தார்கள். 1968-இல் அந்தத் துறை பிரிட்டிஷாரிடமிருந்து கைமாறி, செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. அந்தத் தளத்தில் வேலை செய்த தமிழர்கள் எழுப்பிய முருகன் கோயில் இன்று ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூட்டம் அலைமோதும். இரும்பைக் காக்க நம்மவர்களுக்கு வசதி இல்லை. தங்கள் கையால் கட்டிய கோயிலைக் காத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் ஓர் இயந்திரம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. பேராக்கில், பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில், ஈயம் தோண்டிய பிரம்மாண்டமான மிதவை இயந்திரம் ஒன்று நிற்கிறது. மலாயில் அதன் பெயரே ‘காப்பால் கோரெக்’, தோண்டும் கப்பல். 4,500 டன் எடையுள்ள அது 1938 முதல் 1982 வரை உழைத்தது. இன்று மாணவர்கள் சுற்றுலாப் பேருந்தில் போய் அதைப் பார்க்கிறார்கள்.

ரந்தாவின் ஸ்டோர்

ஈயத்துக்கு ஒரு கப்பல் நிற்கிறது. எங்கள் வட்டாரத்து ரப்பருக்கு என்ன நிற்கிறது?

என் பாட்டி ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டு, பிறகு உளியும் வாளியும். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கி வந்து கொட்டாயில் நிறுப்பார்கள். ஸ்டோரில் அமிலம் கலந்து பாலை உறையவைத்து, உருளை இயந்திரத்தில் ஷீட்டாக அழுத்தி, புகைக்கூட்டில் சில நாள் உலர்த்துவார்கள். அந்த ஸ்டோரும் உருளையும் புகைக்கூடும்தான் எங்கள் ஊரின் சாம்சனும் கோலியாத்தும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஸ்டோருக்கு வேலை இல்லாமல் போனது. செம்பனை இருந்த இடங்களிலும் இப்போது வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. பண்டார் ஸ்ரீ செண்டாயான் பக்கம் போனால் பார்க்கலாம். “ஸ்டோர் இருந்த எடத்துல செம்பனைதாம்ப்பா நிக்குது,” என்கிறார் பாட்டி. எந்த இடம் என்று காட்ட அவருக்குத் தெரியும். எனக்கு அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஆள் இருக்காது.

பெல்ஃபாஸ்டின் பாடமும் இங்கே வேண்டும். புகைக்கூட்டின் படத்தை மட்டும் சட்டம்போட்டு மாட்டினால் போதாது. அதற்குள் வேலை செய்தவருக்கு நாள் கூலி எவ்வளவு, இலாபம் யாருக்குப் போனது, பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் அது வரலாறு.

2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, ஒரு பொருளையோ இடத்தையோ தேசிய மரபுடைமையாக அறிவிக்கக் கோரி யாரும் அமைச்சருக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் பரிந்துரைக்க முதலில் தகவல் வேண்டும். அந்த வேலையை மாணவர்களே தொடங்கலாம்.

இந்த விடுமுறையில், தோட்டத்தில் வேலை செய்த ஒருவரிடம் போய் உட்காருங்கள். ஸ்டோர் எங்கே இருந்தது, சங்கு எத்தனை மணிக்கு ஊதும், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து, ஒரு படியை உங்கள் பள்ளியின் வரலாற்றுக் கழகத்திடம் கொடுங்கள். பழைய உருளை இயந்திரம் எங்காவது துருப்பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்காரர் லாரியோடு வருவதற்கு முன் பள்ளியிலோ கோயில் நிர்வாகத்திடமோ சொல்லுங்கள். நான் என் பாட்டியிடமிருந்து தொடங்கிவிட்டேன்.