வாசற்பலகையும் சம்பளச் சீட்டும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து ஓட்டல் நிர்வாகமும் சமையற்கலையும் பயின்று வெளிவரும் நம் இளைஞர்கள் நேர்முகத் தேர்வுக்கு எவ்விதம் ஆயத்தமாகின்றனர்? சட்டைக்குக் கஞ்சி போடுகின்றனர், காலணியைத் துலக்குகின்றனர், நான்கு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்கின்றனர். இவை வேண்டியவையே. ஆயினும், தம்மை அழைத்திருப்பவர் யார் என்பதை அறிந்து செல்வோர் மிகச் சிலரே. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கும் நாம், பிள்ளையின் இளமையையும் உழைப்பையும் ஒப்படைக்கப்போகும் இடத்தை விசாரிப்பதில்லை!

“எங்கள் நிறுவனத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?” என்பது தேர்வாளர் வழக்கமாகக் கேட்கும் வினா. “பெரிய ஓட்டல், ஐயா” என்பது விடையாகாது. தாஜ் ஓட்டல்களை நடத்துவது டாட்டா குழுமத்தைச் சேர்ந்த இந்தியன் ஓட்டல்ஸ் கம்பெனி. அதன் முதல் ஓட்டல் 1903-இல் மும்பையில் திறக்கப்பட்டது. ஜிஞ்சர் ஓட்டல்களும் அதனுடையவையே. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியதே நம் ஓசூரின் டைட்டன். இவ்வுறவை எடுத்துரைக்கும் ஓசூர்ப் பிள்ளையைத் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார் அல்லவா?

நிற்க. இவ்விசாரணை தேர்வாளரை மகிழ்விக்க மட்டுமன்று. நம்மைக் காத்துக்கொள்ளவும் ஆகும். வாசற்பலகையில் உள்ள பெயரும் சம்பளச் சீட்டில் உள்ள பெயரும் எப்போதும் ஒன்றாயிரா. உலகெங்கும் கிளைகொண்ட மாரியட் போன்ற நிறுவனங்களின் பெயர் தாங்கிய ஓட்டல்களுட் பெரும்பாலானவை அந்நிறுவனங்களுக்குச் சொந்தமானவையல்ல. கட்டடமும் முதலும் வேறொருவருடையவை. தொழிற்சாலை உணவுக்கூடங்களிலும் இதே நிலையைக் காணலாம். ஆலையின் பெயர் வாயிலில் மின்னும். சமையற்காரரை வேலைக்கு வைப்பவரோ ஒப்பந்தக்காரராக இருப்பார். ஆகவே, “என்னை நியமிப்பவர் யார்? சம்பளம் தருபவர் யார்?” என்பதே முதல் வினாவாகட்டும்.

அடுத்து, சட்டம் தரும் பாதுகாப்பு. 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் வருங்கால வைப்பு நிதியும், 10 பேருக்குக் குறையாத இடத்தில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதியும் பொருந்தும். நிறுவனம் வைப்பு நிதியில் பதிவு பெற்றுள்ளதா என்பதை அந்நிதி அமைப்பின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. “கடிதம் பிறகு தருகிறோம்” என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

“அடிப்படைச் சம்பளம் குறைவு, சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டு” என்று ஆசை காட்டுவோரும் உளர். சேவைக் கட்டணத்தை ரசீதில் தாமாகவே சேர்க்கலாகாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறி வகுத்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விருந்தினர் மனமுவந்து தருவதை நிலையான வருமானமாகக் கணக்கிட்டுக் கடன் வாங்கலாமா?

எல்லைப்புற மக்களாகிய நமக்கு வேறொரு கவலையும் உண்டு. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் வேறு; அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலியும் வேறு. இரவு விருந்து முடிந்து பாத்திரங்களை ஒழுங்குசெய்து வெளிவர நள்ளிரவாகும். அந்நேரத்தில் வீடு திரும்ப வண்டி உண்டா? தங்குமிடம் தருவார்களா? பெண்பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? இவற்றைப் பெற்றோரும் கேட்டறிய வேண்டும்.

விசாரிப்பது எங்ஙனம்? தேர்வுக்கு முந்திய நாளே அங்குச் சென்று, பணியாளர் வாயிலருகே உள்ள தேநீர்க் கடையில் சற்று அமருங்கள். முறை முடிந்து வருவோரிடம் தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ பேசிப் பாருங்கள். சம்பளம் எத்தேதியில் கிடைக்கிறது? வார விடுமுறை உண்டா? பழைய ஆட்கள் நிலைத்திருக்கிறார்களா? ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல் மூவரைக் கேளுங்கள். வேலைக்கென்று முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து உடனே திரும்பிவிடுங்கள்.

திருக்குறளின் 51-ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’. ஆளை ஆராய்ந்து பணியில் அமர்த்துமாறு அரசனுக்கு அறிவுறுத்துவது அது. பணியில் அமர்பவனும் அவ்வாறே ஆராயலாம். அதில் பணிவுக்குக் குறைவேதுமில்லை. இளைஞர்களே, கேட்டுத் தெளிந்தபின் நிமிர்ந்து உள்ளே செல்லுங்கள்!