பழைய கார்புரேட்டரை மாற்றுவதா, சீர்செய்வதா?

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாள் தொட்டு, விருதுநகர் பஜாரில் சரக்கெடுக்கும் சிறு வியாபாரிக்கு அந்த மொபெட்டும் அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டியும்தான் பாரவண்டி. அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்புச் சிப்பம் எல்லாம் அதன் முதுகில்தான். வண்டி பழசானதும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. காலையில் மிதித்து மிதித்துக் கால் ஓய்கிறது. மெக்கானிக்கோ, "கார்புரேட்டரையே மாத்திருங்க அண்ணாச்சி" என்கிறார்.

உடனே மாற்ற வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. (2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கும் எக்ஸ்.எல். வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. நாம் பேசுவது அதற்கு முந்திய வண்டிகளைப் பற்றி.)

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கலந்த பெட்ரோல் ஓடுகிறது. வண்டியைச் சில வாரம் நிறுத்திப் போட்டால் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் பிசுக்கு மட்டும் அடியில் தங்கிச் சின்ன ஜெட்டை அடைத்துக்கொள்ளும். இதற்குக் கழற்றிக் கழுவிக் காற்றடித்தாலே போதும். ஆனால் ஜெட்டுக்குள் கம்பி விட அனுமதிக்காதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பிறகு எந்த டியூனிங்கும் பலிக்காது.

ஊசி, வாஷர், கேஸ்கெட் முதலியவை தேயும் சாமான்கள். ரிப்பேர் கிட்டாகவே கிடைக்கின்றன. மொத்தக் கார்புரேட்டர் விலையில் இது சிறு பங்குதான். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் சாமான்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. உப்பிப் போகவோ வெடிப்பு விடவோ கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்.

மாற்றியே தீர வேண்டிய கட்டம் வேறு. ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் உடல் தேய்ந்துவிட்டது என்று பொருள். எந்தக் கிட் போட்டும் பயனில்லை. தூத்துக்குடி, இராமேசுவரம் கரையோரப் படகுகளின் அவுட்போர்டு இன்ஜினுக்கு உப்புத் தண்ணீர் எமன். உடலையே அரித்துவிட்டால் அங்கே சீர்செய்யும் பேச்சுக்கே இடமில்லை. நம் கரிசல் பக்கம் அந்த வேலையைச் செய்வது தூசி. ஏர் ஃபில்டரை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் செலவு சீக்கிரமே வரும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து, ஊசி வழியை அடைக்க வேண்டும். ஊசி தேய்ந்தால் அடைப்பு நிற்காது. ராத்திரி முழுக்கச் சொட்டும். வண்டியைக் கடைக்குள் ஏற்றி ஷட்டர் இழுப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சாமி விளக்கோ, ஃபிரிட்ஜ் சுவிட்சின் பொறியோ போதும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி பண்டலும் பட்டாசும் அடுக்கிய கடை என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வண்டிக்கடியில் ஈரம் கண்டால் அன்றைக்கே ஊசியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் வரை வண்டியைக் கடைக்கு வெளியே நிறுத்துங்கள். சரியான ஊசி இருந்தாலும் இரவில் பெட்ரோல் டேப்பை மூடுவது நல்லது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவும் வேலையையும் கடை வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம், பட்டறைக்கே அனுப்பிவிடுங்கள்.