கரையோரக் களங்கள் – 6: சம்பளம் தரும் சீருடை

பள்ளிமுனை முதல் தலைமன்னார் வரை, கோயில் திருநாள் வந்தால் உதைபந்தாட்டமும் கூடவே வரும் என்று போன வாரம் பார்த்தோம். ஊருக்கு ஊர் அணி வைத்திருக்கும் மன்னாரின் பெயர் நாட்டின் பெரிய லீக்கில் ஏன் இல்லை? முப்படைகளின் அணிகளைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

2021இல் முதலாவது சுப்பர் லீக் தொடங்கியபோது 10 அணிகள் ஆடின. அவற்றில் மூன்று படையினருடையவை: தரைப்படையின் டிஃபெண்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். வடக்கு, கிழக்கிலிருந்து ஓர் அணிகூட இல்லை.

படையணி ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு. சாப்பாடு, தங்குமிடம், மைதானம், காயம்பட்டால் வைத்தியம் எல்லாம் முகாமிலேயே. கொரோனாவால் அந்த சீசன் இடையில் நின்றபோதும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. மன்னார்ப் பெடியனுக்கோ கடலுக்குப் போனால்தான் அன்றைய காசு. சோளகம் பெயர்ந்து வாடை பிடித்தால் தொழிலும் கரை மாறும். பயிற்சிக்கு ஆள் சேராது.

படைகளின் இந்த வசதி பழையது. 1872 மார்ச் 16இல் லண்டன் கெனிங்டன் ஓவலில் நடந்த முதலாவது எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் வொண்டரர்ஸிடம் 1–0 எனத் தோற்றது ரோயல் என்ஜினியர்ஸ். இராணுவப் பொறியியல் பாடசாலை இருந்த சத்தாமின் அதிகாரிகள் அவர்கள். தனியொருவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதே ஆட்டம் என்றிருந்த காலத்தில், பந்தைக் கைமாற்றி ஆடுவதில் பெயர் எடுத்தார்கள். 1875இல் கிண்ணத்தையும் வென்றார்கள். 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கிண்ணமும் படைப்பிரிவுகளுக்காகவே ஏற்பட்டது. 1940இல்தான் முகமதன் ஸ்போர்ட்டிங் அதை வென்ற முதல் இந்தியக் கழகமானது.

அப்படியானால் மன்னார்ப் பெடியன் படையில் சேர்ந்து ஆடலாமே என்று கேட்பது சுலபம். 2007இல் மன்னாரின் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே கடற்படை முகாம் எழுந்தது. அதே கடற்படையின் அணிதான் சீ ஹோக்ஸ். அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் வருவது, கோல் அடிப்பதைவிடக் கடினம்.

மன்னார் தந்த தேசிய வீரர் டக்சன் பியூஸ்லஸ் மாலைதீவுக் கழகங்களில் ஆடப் போனார். 2022 பெப்ரவரியில், 31 வயதில், மாலேயில் இறந்தார். ஊர் அவரைத் திரளாக நின்று அடக்கம் செய்தது. அவரைப் போன்றவர்கள் ஊரிலேயே இருந்து ஆட வழி செய்ய, அந்தத் திரளால் மட்டும் முடியாது.

சீசன் முழுக்க ஓர் அணி நிலைக்க, ஆட்டக்காரருக்கு மாதம் முடிந்தால் கையில் சம்பளம் விழ வேண்டும். அதைத் துவக்கு ஏந்தாமலும் கொடுக்க முடியும். சென்னையில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையும் இந்தியன் வங்கியும் உதைபந்தாட்டக்காரரை வேலைக்கு எடுத்து அணி நடத்தியிருக்கின்றன. அந்த வழி மன்னாருக்குப் பொருந்துமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)