வாடகை வீடும் கடன் நாணயமும்

சாலவாக்கத்தினின்றும் ஒரகடத்திற்கும் சென்னைக்கும் வேலை நாடிச் செல்லும் நம் அங்கத்தினர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு முதல் தடை, வாடகை வீட்டின் முன்பணமே. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். அதற்காக வங்கியை நாடினால், வங்கி கடன் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. 300 முதல் 900 வரையுள்ள இவ்வெண், தவணை தவறினால் தாழும். நாம் ஜாமீன் நின்ற கடனைப் பிறர் கட்டத் தவறினாலும் தாழக்கூடும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்கவேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனை வாங்கிப் பார்த்து, பிழையிருப்பின் முறையிடுதல் வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்கிறது. அதிகத் தொகைக்கு இசைந்து கையெழுத்திட்டால் இப்பாதுகாப்பை நாமே இழக்கிறோம். ஆகவே, ஒப்பந்தம் எழுதுமுன்பே பேசிக் குறைத்துக்கொள்வது நலம்.

அறுந்த இழையை அப்போதே பிணைப்பவர் நாம். தவறிய தவணையையும் தள்ளிப்போடாது கட்டி, நம் நாணயத்தைக் காப்போமாக.