அறுபது அடி மனையில் ஏழு மெகாஹெர்ட்ஸ்

சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது என்பது மயிலாப்பூர், தி. நகர், அடையாறில் எல்லோருக்கும் பழகிய மனைக்கணக்கு. ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் நாட்டு ஹாம்கள் அதிகம் புழங்கும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, நடுவில் கேபிள் இணையும் டைபோல் ஆன்டெனாக் கம்பி சுமார் 66 அடி வேண்டும். நீளவாக்கில் அது அடங்காது; மூலைக்கு மூலை 72 அடி இருப்பதால், தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்குமாக இழுத்துக் கட்டிவிடலாம். பக்கத்திலேயே 14 மெகாஹெர்ட்ஸுக்கு இன்னொன்று கட்ட இடம் ஏது? ஒரே கம்பியில் எல்லா அலைவரிசையிலும் பேசும் ஆசை நியாயமானதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைத் தவறான மீட்டரில் பார்க்கிறோம்.

ட்யூனரைத் திருகி எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) மீட்டரின் முள் ஒன்றுக்கு வந்துவிட்டால் நிம்மதி என்று பலரும் நம்புகிறார்கள். கருவிக்கு ஆபத்தில்லை என்பதற்கு மேல் அந்த முள் எதுவும் சொல்வதில்லை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடை மாட்டினாலும் அது ஒன்றில்தான் நிற்கும், அலையோ கிளம்பாது. 66 அடி டைபோலை 14 மெகாஹெர்ட்ஸில் இயக்கினால் அதன் நடுவே மின்மறுப்பு சில ஆயிரம் ஓம். 50 ஓம் கேபிளோடு அது ஒட்டவே ஒட்டாது. மின்சக்தி கேபிளுக்குள் போயும் வந்தும் சூடாகவே கரைகிறது. நூறடி ஆர்.ஜி. 58 கேபிளில் 100 வாட்டில் ஏறத்தாழ 90 இப்படிப் போய்விடும். குற்றம் கம்பியின் மீதல்ல: அதே கம்பிக்கு ஏணி போன்ற இரட்டைக்கம்பி ஃபீடர் கொடுத்தால் இழப்பு மிகக் குறைவு. அதை ஜன்னல் கிரில்லை ஒட்டி இறக்க முடியாது என்று அடுக்குமாடிக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அவர் அதே நடுப்புள்ளியில் 14 மெகாஹெர்ட்ஸுக்கான 33 அடி டைபோல் ஒன்றையும் சேர்த்துத் தொங்கவிடலாம். அந்தந்த அலைவரிசைக்கு உரிய கம்பியே மின்சக்தியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நீளத்தை வெட்டிச் சரிசெய்வதில் மெனக்கெடல் உண்டு; இழப்பு அநேகமாக இல்லை. 21 மெகாஹெர்ட்ஸ் 7-க்கு மும்மடங்கு என்பதால், நீளக் கம்பியே அதற்கும் உதவும்.

பாதி சக்தி போனால்தான் என்ன, எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் அரை எஸ் அளவுதானே குறையும் என்று கேட்கலாம். பாதி போனால் பரவாயில்லை என்பதே என் கருத்தும். பல அலைவரிசைக்காகச் சுருள் வைத்த டிராப் டைபோல் தின்னும் கொஞ்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது போவதை எப்படிப் பொறுப்பது? ‘எனக்கு எல்லோர் குரலும் நன்றாகக் கேட்கிறதே’ என்பதும் சரியான பதில் அல்ல. சிற்றலையில், எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் கிளப்பும் ஊர் இரைச்சலும் சிக்னலோடு சேர்ந்தே குறைவதால் கேட்பவருக்கு இழப்பு தெரியாது. அவர் குரல்தான் மறுமுனைக்கு எட்டாமல் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் செல்போனும் ஓய்ந்தபோது சென்னை ஹாம்கள் செய்தி கடத்தினார்கள். அப்படிப்பட்ட நாளில் பேட்டரியின் ஒவ்வொரு வாட்டும் கணக்கு. ஆகவே புதிதாக உரிமம் பெற்றவர்கள் ட்யூனருக்குச் செலவழிக்கும் முன் இழப்பு குறைந்த கேபிளை வாங்குங்கள், தேவைக்கு மேல் ஓரடிகூட நீட்டாதீர்கள். பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். இணைப்புகளைப் பற்றவைத்து, நீர் புகாத ரப்பர் டேப்பைச் சுற்றி மூடிவிடுங்கள்.